ஒத்தையா ரெட்டையா

ஊற்றுப்பட்டியில் ஓர் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் கடைவீதிச் சாக்கடைக் குழிக்குள் பொன்னுரங்கம் என்கிற ஒரே ஓர் ஆள் இறங்கி ஏறினான், செவ்வாய்க்கிழமை அவன் மறுபடியும் இறங்கி ஏறியபோது அவனுக்குப் பின்னால் அவனைப் போலவே இரண்டு பேர் ஏறி வந்தார்கள், புதன்கிழமை நாலு பேர், வியாழக்கிழமை எட்டுப் பேர், வெள்ளிக்கிழமை பதினாறு பேர், எல்லோருக்கும் அதே சப்பை மூக்கு, காதோரம் அதே தழும்பு, அதே காக்கி டவுசர், உச்சி முதல் உள்ளங்கால் வரை அதே கறுப்புச் சேறு. எந்த நாள் ஏறி வந்தார்களோ அந்த நாளின்படி வரிசை வரிசையாக அவர்கள் கடைவீதியில் நின்றார்கள். இதைப் பார்த்து எங்கள் ஊர் என்ன செய்தது என்றால், மூக்கைப் பொத்திக்கொண்டது.

வேறொன்றும் செய்யவில்லை. யாராவது அலறியிருக்கலாம், யாருக்காவது சாமி வந்திருக்கலாம், அட, ஒரு எலுமிச்சம்பழத்தையாவது அறுத்து வீசியிருக்கலாம். பக்கத்து வீட்டு மாமரம் ரெண்டு காய் கூடுதலாகக் காய்த்தால் நாலு நாள் வாயைப் பிளக்கிற ஊர், ஒரு மனுஷன் முப்பத்தோரு மனுஷனாக வந்து நிற்கும்போது, துணிக்கடை வாசலில் நிற்காதே, அந்தாண்ட தள்ளிப் போ என்றது. துப்புரவு மேஸ்திரி தங்கப்பழம் கர்ச்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டு, "ஒருத்தன் ஏறி வந்தாலே குடலைப் பிடுங்குது, இதுல ஊர்வலமால்ல வருது" என்று சலித்துக்கொண்டார். அவ்வளவுதான் ஆச்சரியம். சனிக்கிழமை முப்பத்திரண்டு பேர் வருவார்கள் என்று கொஞ்சம் பேர் குடையோடு வந்து காத்திருந்தார்கள், யாரும் வரவில்லை, பதினாறோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஏன் ஆரம்பித்தது என்று கேட்டவர் ஒருத்தர்கூட இல்லை.

நான் ஏதோ பெரிய யோக்கியம் மாதிரி பேசுகிறேன். நானும் மூக்கைப் பொத்தியவள்தான், எல்லோரையும் விட இறுக்கமாகப் பொத்தியவள். என் பெயர் மீனலோசனி, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். என் வீட்டு வாசலை ஒட்டித்தான் ஊரின் பெரிய சாக்கடை போகிறது. அந்த நாற்றத்தோடு நான் பட்ட பாட்டை எழுதினால் ஏடு கொள்ளாது: சாம்பிராணி போட்டேன், பினாயில் ஊற்றினேன், சன்னலுக்குச் சாக்கு அடித்தேன், ரசத்தில் பெருங்காயத்தை இரண்டு மடங்கு போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை, சோற்றை வாயருகே கொண்டுபோனால் சாக்கடைதான் முதலில் உள்ளே போனது. நான் எதற்கெடுத்தாலும் "சீ" என்பவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரே சீ டீச்சர்.

முப்பத்தோரு பேரை ஊர் பத்தே நாளில் விழுங்கிச் செரித்துவிட்டது. டீக்கடைக்காரர் அவர்களுக்கென்று காகிதக் குவளை வாங்கிக் கதவோரம் அடுக்கினார், முன்னே பொன்னுரங்கத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது, இது முன்னேற்றம் என்று அவரே சொல்லிக்கொண்டார். ரேஷன் கடையில், கார்டில் ஒரு தலைதான் இருக்கிறது, ஒரு தலைக்குத்தான் அரிசி என்றார்கள். பேரூராட்சி சேர்மன், இவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் ஏற்ற வழியுண்டா, இன்னும் ஒரு பத்துத் தடவை இரட்டித்தால் அடுத்த தேர்தலுக்கு எத்தனை ஆகும் என்று என்னையே கேட்டார். மனுஷனைச் சாக்கடைக்குள் இறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று யாரோ ஒரு படித்த பையன் கேட்டதற்கு, ஆபீசில் ஒரு தாள் தயாரானது: இறங்குவது மனுஷன் இல்லை, மனுஷனின் மடங்கு. அப்படியே எழுதி, ரப்பர் ஸ்டாம்பும் குத்திவிட்டார்கள். மற்ற முப்பது பேருக்குச் சரி, முதல் ஆள் பெண்டாட்டியோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்துகிறவனாயிற்றே என்று நான் கேட்டதற்கு, "அவனும் ஒண்ணோட மடங்குதானே டீச்சர்" என்று எனக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தார் குமாஸ்தா. தூ!

ஆனால் அவர்களை வேலைக்கு அனுப்புவதில் ஒரு சிக்கல் வந்தது. வரிசையை உடைக்க முடியவில்லை. எட்டுப் பேர் வரிசையில் ஐந்து பேரைக் கூப்பிட்டால் மீதி மூன்று பேரும் கயிறு கட்டி இழுத்த மாதிரி பின்னாலேயே வந்தார்கள், இரண்டு பேர் வரிசையில் ஒருவனை உட்காரச் சொன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அடைத்துக்கொண்ட குழிகளைப் பற்றி ஊரார் எழுதித் தருகிற புகார்ச் சீட்டுகளை ஆபீசில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள், ஒரு சீட்டுக்கு ஒரு குழி, ஒரு குழிக்கு ஓர் ஆள். ஒரு நாள் இருபத்திரண்டு சீட்டு வந்தது. தங்கப்பழம் பதினாறையும் எட்டையும் அனுப்பினார். இருபத்திரண்டு பேர் குழிக்குள் போய்விட, குழி கிடைக்காத இரண்டு பேர் நகைக்கடை வாசலில் சேறு சொட்டச் சொட்டச் சாயங்காலம் வரை நின்றார்கள். உள்ளே தாலி வாங்க வந்த குடும்பம் அப்படியே திரும்பிப் போய்விட்டது. நகைக்கடைக்காரர் போட்ட கூச்சலில் தங்கப்பழத்துக்கு வேலையே போயிருக்கும்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகிற வழியில், என் வீட்டுச் சாக்கடையைப் பற்றி நூற்றோராவது தடவையாகச் சண்டை போட அந்த ஆபீசுக்குள் நுழைந்தேன். மேஸ்திரி தலையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அந்த வாரம்தான் எட்டாம் வகுப்பில் அதை நடத்திக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, இது எகிப்துக்காரன் கணக்கு" என்றேன்.

"எந்தக் காரன்?"

"பிரமிடு கட்டினானே, அவன். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அவனுக்கு நம்ம மாதிரி வாய்ப்பாடு கிடையாது. ஏழேழு நாப்பத்தொன்பதுன்னு மனப்பாடம் பண்ணினதில்ல. அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு, இரட்டிக்கத் தெரியும், கூட்டத் தெரியும். அதை வெச்சுக்கிட்டே எதை வேணா பெருக்கிடுவான்."

ஒரு சீட்டின் முதுகில் எழுதிக் காட்டினேன். ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஏழு கூடைச் சேறு எடுப்பான், இருபத்திரண்டு ஆள் எத்தனை கூடை எடுப்பான், டிராக்டருக்குச் சொல்ல வேண்டும். இடது பக்கம் ஒன்றில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போ, வலது பக்கம் ஏழில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போ.

1 — 7
2 — 14 /
4 — 28 /
8 — 56
16 — 112 /

"இடது பக்கத்துல எதெதைக் கூட்டினா இருபத்திரண்டு வரும்? பதினாறு, நாலு, ரெண்டு. அந்த வரிசைக்குப் பக்கத்துல மட்டும் ஒரு சாய்கோடு போடணும். எகிப்துல எழுதினவங்களும் இப்படித்தான் நாணல் தாள்ல கோடு போட்டு வெச்சாங்க. இப்போ கோடு போட்ட வரிசையோட வலது பக்கத்தைக் கூட்டுங்க. நூத்துப் பன்னெண்டு, இருபத்தெட்டு, பதினாலு. நூத்தி ஐம்பத்து நாலு கூடை. ஆளும் சரியா இருக்கும், கூடையும் சரியா இருக்கும். முப்பத்தொண்ணு வரைக்கும் எந்த எண்ணைச் சொன்னாலும் இந்த அஞ்சு வரிசைக்குள்ள அடங்கிடும், ஒரு ஆள் மிஞ்ச மாட்டான்."

தங்கப்பழம் என்னைச் சரஸ்வதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோடு போடாத வரிசை இருக்கே டீச்சர், அதை என்ன செய்யறது?" என்று கேட்டார்.

"அதை விட்டுடணும். அது இருந்தாலும் இல்லாத மாதிரிதான்" என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன். அன்றிலிருந்து கோடு போடாத வரிசைகளைக் குப்பைக் கிடங்கில் வெயிலில் உட்கார வைத்தார்கள். கோடு விழுந்தவர்களுக்கு மட்டும் மத்தியானம் சோற்றுப் பொட்டலம் போனது, இல்லாத மாதிரி இருக்கிறவர்களுக்கு எதற்குச் சோறு? நான் தினமும் எட்டரை மணிக்கு ஆபீசுக்குப் போய், சீட்டுகளை எண்ணி, வருகைப் பதிவேட்டில் சாய்கோடு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சேர்மன் சுதந்திர தின விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நானும் பல்லை இளித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

பொன்னுரங்கத்தின் மனைவி செல்லக்கிளி எங்கள் தெருவில் குப்பை வண்டி தள்ளுகிறவள். தினமும் என் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து, "டீச்சர், கொஞ்சம் தண்ணி" என்பாள். கொல்லைச் சுவர்மேல் அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் தம்ளர், விளிம்பு நசுங்கியது, கவிழ்த்து வைத்திருக்கும். நான் மேலேயிருந்து ஊற்றுவேன், குடித்துவிட்டு அவளே கழுவி மறுபடியும் கவிழ்த்து வைப்பாள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. ஊரில் முக்கால்வாசி வீட்டுச் சுவரில் அப்படி ஒரு தம்ளர் இருக்கும்.

முப்பத்தோரு புருஷன்களை அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஊருக்கு வாய் ஊறியது. பொம்பளைகள் தெருக்குழாயடியில் கேட்ட கேள்விகளை என் பேனா எழுதாது. செல்லக்கிளி முதல் நாள் வாசலில் முப்பத்தோரு பேரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம். இரண்டாம் நாள் பெரிய அண்டாவை இரவல் வாங்கி உலை வைத்தாளாம். "எல்லாரும் அவருதான் டீச்சர், பசிக்குதுன்னு நிக்கறப்ப எப்படித் தள்ள முடியும்? ஆனா ஒண்ணு, மத்தவங்களுக்குச் சிரிப்பு வராது. நான் ஏதாவது ஏடாகூடமா சொன்னா முதல் ஆளுதான் சிரிப்பாரு. மத்த முப்பது பேரும் அவரு மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள்.

நான் சாய்கோடு போட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து அவள் தண்ணீர் கேட்காமல் வேறொன்று கேட்டாள்.

"டீச்சர், இன்னைக்கு ஒத்தையா ரெட்டையா?"

எனக்கு உடனே புரிந்தது, கணக்கு டீச்சருக்குப் புரியாதா. ஐந்து வரிசையில் நாலு வரிசை இரட்டைப்படை. சீட்டு இரட்டைப்படையில் வந்தால் முதல் வரிசைக்கு, அந்த ஒற்றை ஆளுக்கு, வேலை இல்லை. ஒற்றைப்படையில் வந்தால் அவன் இல்லாமல் கணக்கு முடியவே முடியாது. கோடு அவன் பக்கத்தில் விழுந்தே ஆகவேண்டும்.

"ஏன் கேக்கறே?"

"இருமினா ரத்தம் வருது டீச்சர். பெரிய ஆஸ்பத்திரியில படம் பிடிச்சுப் பார்த்தாங்க. நெஞ்சு பூரா அந்தக் குழியோட காத்துதான் இருக்காம். இனிமே ஒரு தடவை இறங்கினாலும் ஏற மாட்டான்னு டாக்டரம்மா எம்மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. மேஸ்திரிகிட்ட அழுதேன். ஒத்தை ஆளு இல்லாட்டி பாதி நாள் கணக்கு இடிக்கும், லீவெல்லாம் கிடையாதுங்கறாரு. ரெட்டையா வந்தா அவருக்கு வேலையில்ல. ஒத்தையா வந்தா..." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒத்தையா வந்தா ஒரு சீட்டை நீங்க எடுத்து முந்தானையில போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கணக்குல நான் பொய் சொல்ல மாட்டேன் செல்லக்கிளி. கணக்கு கணக்குதான்" என்றேன். அதையும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். என் தராசு எவ்வளவு நேரானது பார் என்கிற திமிர். அவள், "சரி டீச்சர், எத்தனைன்னாவது முன்னாடியே சொல்லிடுங்க" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கடவுள் என்று ஒருத்தர் இருந்தால் அவருக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்க வேண்டும், பதினொரு நாள் தொடர்ந்து இரட்டைப்படையாகவே வந்தது. பதினெட்டு, இருபத்தாறு, இருபது, பதினாலு. பதினொரு நாளும் அந்த ஒற்றை ஆள் குப்பைக் கிடங்கில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோறில்லாமல் இருமிக்கொண்டு உயிரோடு இருந்தான். நான் வீதியில் போகும்போது செல்லக்கிளி தூரத்திலிருந்தே இரண்டு விரலைக் காட்டுவாள், நான் தலையாட்டுவேன். ஒரு நல்ல காரியம் செய்கிற மாதிரி எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

பன்னிரண்டாம் நாள் என் மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டு வேலை, அம்மாக்காரி வாசலில் மிதியடி கோணலாகக் கிடந்தாலே சம்பந்தத்தை முறிக்கிற ரகம் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். நான் லீவு போட்டிருந்ததால் முந்தின நாள் சாயங்காலமே ஆபீசுக்குப் போய்ச் சீட்டுகளை எண்ணினேன். இருபத்திரண்டு. இரண்டு, நாலு, பதினாறு. சாய்கோடுகளைப் போட்டுவிட்டு வந்தேன். தெருமுனையில் செல்லக்கிளி நின்றாள்.

"ரெட்டை" என்றேன். "நிம்மதியாப் போ."

"நாளைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். டாக்டரம்மா சிபாரிசுக் கடுதாசி தர்றேன்னிருக்காங்க. அதைக் காட்டினா மேஸ்திரி விட்டுடுவாராம்" என்றாள். பதினோரு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

காலை ஏழு மணிக்கு என் குளியலறைத் தரையிலிருந்து சாக்கடை மேலே வந்தது. குபுகுபுவென்று கறுப்பாக, முடியும் மலமும் மிதக்க, கூடத்து வாசற்படி வரை வந்து நின்றது. பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சுகன்யா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்று அழுதாள். நான் "சீ, சீ, சீ" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

நினைக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெருவில் கால் வைத்ததுமே நினைத்தேன். இருபத்திரண்டும் ஒன்றும் இருபத்து மூன்று. என் தலைக்குள் கணக்கு தானாக ஓடும், அதை நிறுத்த எனக்குத் தெரியாது. அதே மூச்சில் இன்னொன்றும் ஓடியது: இன்னொரு சீட்டு இருந்தால் இருபத்து நாலு, பதினாறும் எட்டும், இரட்டை, அவன் பஸ் ஏறி ஆஸ்பத்திரி போய்விடுவான். இன்னொரு சீட்டு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை, பக்கத்து வீட்டுக் கோமளவல்லி கேட்டருகே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள், அவள் வீட்டு வாசலிலும் அதே சாக்கடைதான் பொங்கிக்கொண்டிருந்தது. "நீயும் ஒரு சீட்டு எழுதிக் கொடு" என்று நான் சொன்னால் போதும், ஒரே ஒரு வாக்கியம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் தெருக்குழாயில் என் குடத்தை அவள் நகர்த்தி வைத்தாள், அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. யார் முதலில் பேசுவது? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். நானே இரண்டு சீட்டு எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டுதான், நான்தான் கணக்கில் பொய் சொல்லாதவள் ஆயிற்றே.

சீட்டை எழுதிக் கம்பியில் குத்தினேன். தங்கப்பழம் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "கணக்கு மாறுதே டீச்சர்" என்றார். முதல் வரிசைக்குப் பக்கத்தில் சாய்கோட்டை நானே போட்டேன்.

"என் வீட்டுக்கு யாரை வேணாலும் அனுப்புங்க, பத்து மணிக்குள்ள முடியணும்" என்றேன்.

தங்கப்பழம் பைக்கில் போய் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொன்னுரங்கத்தை இழுத்துக்கொண்டு வந்தார். மற்ற இருபத்திரண்டு பேரும் அதற்குள் ஊரில் அவரவர் குழிக்குப் போய்விட்டதால், மிச்சமிருந்தது என் வீட்டுக் குழிதான். அவன் ஆஸ்பத்திரிக்கென்று துவைத்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து என் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "டீச்சர் வீடா? விருந்தாளி வர்றாங்களாமே, பளிச்சுனு ஆக்கிடுவோம்" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் வந்திருப்பது யார் என்பதில் எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் போனது. நான் உள்ளே போய்க் கதவையும் சன்னலையும் சாத்தி, ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தி வைத்தேன்.

அரை மணியில் குளியலறைத் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. பத்து மணிக்கு வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் கேசரி சாப்பிட்டுவிட்டு, "நெய் நல்லா மணக்குது" என்றாள். அப்போது வெளியே தங்கப்பழம், பொன்னுரங்கத்தின் இடுப்பில் கட்டி இறக்கியிருந்த கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. யாரும் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜிக்குச் சட்னி கேட்டார், நான் பரிமாறினேன்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. என் வாசலில் கயிறு தொய்ந்த அதே நிமிஷத்தில் ஊரிலிருந்த மற்ற இருபத்திரண்டு குழிகளிலும் கயிறு தொய்ந்தது. இழுத்துப் பார்த்தால் நுனியில் ஆள் இல்லை, முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. குப்பைக் கிடங்கில் பசியோடு உட்கார்ந்திருந்த எட்டுப் பேர் இருந்த இடத்தில் எட்டு ஈரத்தடம் இருந்தது. சேர்மன் என்னிடம் வந்து, அதெப்படி டீச்சர் ஒருத்தன் போனா முப்பது பேரும் போவாங்க என்று கோபமாகக் கேட்டார். முதல் வரிசையில் ஒன்றுமில்லை என்றால் அதை எத்தனை தடவை இரட்டித்தாலும் ஒன்றுமில்லைதான், இதற்கு எகிப்து வரை போக வேண்டாம் என்றேன். ஊர் இரண்டு நாள் வருத்தப்பட்டது. அடைப்பெடுக்க ஆளில்லையே என்றுதான் வருத்தம். மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளைப் பிடித்து வந்து கடைவீதிக் குழியில் இறக்கிவிட்டு, பின்னால் இரண்டு பேர் ஏறி வருகிறார்களா என்று சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். இப்போதும் வாரத்துக்கு ஓர் ஆளை இறக்கிப் பார்க்கிறார்கள். கோமளவல்லி மட்டும் அன்று சாயங்காலம் மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்தாள். "நானும் சீட்டு எழுதத்தான் கிளம்பினேன். நீங்க போறதைப் பார்த்தேன். அவங்க எழுதினா போதாதா, நாம எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள்.

சுகன்யாவுக்கு அந்த இடமே முடிந்தது. எல்லாம் சுபம், தூ.

இனி அந்தப் பகல். மாப்பிள்ளை வீட்டார் கார் ஏறிப் போன பிறகுதான் தீயணைப்பு வண்டி வந்தது. பொன்னுரங்கத்தை மேலே தூக்கி என் வாசல் கோலத்தின்மேல் கிடத்தினார்கள். இப்போது அவர் என்று சொல்கிறேன், செத்தவருக்கு மரியாதை கொடுப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். அவரைக் கிடத்தினார்கள். கண், மூக்கு, வாய் எதுவும் தெரியாமல் முகம் பூராவும் சேறு. தெரு முழுக்கத் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

டாக்டரம்மாவின் கடுதாசியையாவது வாங்கி வரலாமென்று தனியே போயிருந்த செல்லக்கிளி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துப் பார்த்தாள், காய்ந்த சேறு போகவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், கொஞ்சம் தண்ணி" என்றாள்.

உள்ளே ஓடினேன். விருந்தாளிகளுக்காகத் தேய்த்து வைத்த வெள்ளிச் செம்பு இருந்தது, பித்தளைக் குடம் இருந்தது, பன்னிரண்டு புதுத் தம்ளர் தட்டில் வரிசையாக இருந்தது. எல்லாவற்றையும் தாண்டி நான் கொல்லைக்குப் போனேன். சுவர்மேல் கவிழ்த்திருந்த அந்த நசுங்கின தம்ளரை என் கை எடுத்தது. என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் கை வேறொன்றைத் தொடவில்லை. அதில்தான் தண்ணீர் மோந்து கொண்டுபோனேன்.

அவள் தம்ளரைப் பார்த்தாள். என் விரல் படாமல் வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முதலில் கண்ணைக் கழுவினாள், பிறகு மூக்கை, பிறகு வாயை. அந்த ஒரு தம்ளர் தண்ணீரில் அவருடைய முகம் மட்டும் வெளியே வந்தது.

"ரெட்டைன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள்.

"ஆமா" என்றேன். "அப்புறம் நான் ஒரு சீட்டு எழுதினேன்."

அவள் என்னை அடித்திருக்கலாம். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்கு வந்தபடி வைதிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், நான் அதற்காகத்தான் அங்கேயே நின்றேன். அவள் எழுந்தாள். சுவர்மேலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து அவர்மேல் போர்த்தினாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். தொட்டித் தண்ணீரில் தம்ளரை உள்ளும் புறமும் கழுவி, பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.